எண்பத்தைந்து கிலோவும் மூன்று வருஷமும்

என் பேரன் இளவழகனுக்குக் கபடி ஆடுவதுதான் வேலை. பொழுதுபோக்குக்கு ஆடுவதில்லை, சம்பளத்துக்கு ஆடுகிறான். டிவியில் விளக்குப் போட்டு, மெத்தை விரித்து ஆடுகிறார்களே, அந்த லீக்கில் ஒரு கம்பெனி டீமுக்கு. கபடி கபடி என்று பாடி வருகிறவனின் காலை ஓரத்தில் நின்று பாய்ந்து பிடிப்பது அவன் பொறுப்பு. பிடித்தால் விடமாட்டான். இருபத்து நான்கு வயது. ஆறடி ஓர் அங்குலம். எடை எவ்வளவு என்று கேட்டால் அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் தங்கசாமியின் கோழிப்பண்ணையில் தீவனக் கொட்டகையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். எண் தெரியாமல் அங்கே ஒரு நாள் தள்ள முடியாது. இதை எழுதுகிறவள் இளவழகனின் தங்கை தீபிகா. எழுத்தில் தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

அவன் பிறந்தபோது ஒரு கிலோ எண்ணூறு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் படுத்திருந்தான். கையை உள்ளே விட ஓட்டை இருக்கும். அதன் வழியாக நான் ஒரு விரலால் அவன் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். நர்ஸம்மாவிடம் எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று தினமும் கேட்பேன்.

"எடை ஏறட்டும் ஆயா. ரெண்டு கிலோ தாண்டுனா அனுப்பிருவோம்."

எடை ஏறினால் பிள்ளை வீட்டுக்கு வரும். அன்றைக்கு என் மண்டையில் ஏறியது அதுதான். அது இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தவனை நான்தான் வளர்த்தேன். அவன் அப்பன் குழந்தைவேல், என் மகன், போர்வெல் ரிக் லாரியில் மத்தியப்பிரதேசம் போனால் ஏழு மாதம் கழித்துத்தான் வருவான். மருமகளுக்கு நூல் மில்லில் ஷிப்ட். பண்ணையில் சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்சம் உடைசல் முட்டை கொடுப்பார்கள், ஓடு கீறியது, தட்டில் அடுக்க முடியாதது. அதையெல்லாம் அவனுக்குத்தான் போட்டேன். மூன்று வயதில் இரண்டு, பத்து வயதில் ஆறு. கம்மஞ்சோற்றில் தயிரை ஊற்றி, பக்கத்தில் முட்டையை வைத்தால், தலை நிமிராமல் தின்பான். தின்றுவிட்டு "இன்னும் இருக்கா" என்று கேட்க மாட்டான். தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு வரைக்கும் அவன் குணம் அதுதான். வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, வந்தால் கபடிப் போட்டி வைப்பார்கள். ஐம்பது கிலோ, ஐம்பத்தைந்து கிலோ, அறுபது கிலோ என்று எடை பார்த்துத்தான் இறக்குவார்கள். அவனுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது ஐம்பத்தைந்து கிலோ போட்டிக்குப் போனான். மற்ற பையன்கள் முதல் நாளே சோறு தின்னாமல், எச்சிலைத் துப்பிக்கொண்டே திரிந்தார்கள். இவன் சாப்பிட்டுவிட்டுப் போனான், நான்தான் ஊட்டி அனுப்பினேன். ஐம்பத்தைந்து நானூறு காட்டியது. மொட்டை அடித்துக்கொண்டு வந்து மறுபடி ஏறினான். ஐம்பத்தைந்து இருநூறு. ஓரமாகப் போய் நின்றுகொள் என்றார்கள்.

நான் விடவில்லை. மைக் வைத்திருந்தவரிடம் போனேன்.

"ஏனுங்க, சோறு தின்ன புள்ளைய வெளிய நிறுத்திப்போட்டு, பட்டினி கெடந்தவன எல்லாம் உள்ள உட்டிருக்கறீங்க. இது எந்த ஊரு நாயமுங்க?"

"அம்மிணி, இது எடைப் பிரிவு. இருநூறு கிராம் கூட இருக்குதுங்க."

"அந்த இருநூறு கிராமு நா காத்தால போட்ட முட்டைங்க. அதக் கழிச்சுட்டுச் சேத்துக்கங்க."

கூட்டம் சிரித்தது. பேரன் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். மொட்டைத் தலை, கண்ணெல்லாம் தண்ணீர். வளர்ந்ததற்காக ஒரு பிள்ளையை வெளியே நிறுத்துவது அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பிறகு எடை பார்க்காத போட்டிகளுக்குப் போனான். அங்கே அவன் பிடியைப் பார்த்துத் திருச்செங்கோட்டில் ஒரு என்ஜினியரிங் காலேஜில் பீஸ் இல்லாமல் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து லீக்குக்கு எடுத்தபோது அவனுக்கு இருபத்தொன்று, எழுபத்தாறு கிலோ. டீம் மேனேஜர் பிரபாகர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருந்தாலும் தரையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"ஒயரம் இருக்கு, எலும்பு இருக்கு. சதைதான் பத்தல. மோதுனா செவுரு மாதிரி நிக்கணும். இப்போதைக்கு ஒரு வருஷத்துக்கு எழுதுறோம். ஏத்திக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் பாட்டிம்மா."

வீட்டுக்கு வந்து, என் பேரனை இன்னும் தின்ன வை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏற்றிக் காட்டினேன். மறுவருஷம் எண்பது. அதற்கடுத்த வருஷம் எண்பத்து மூன்று. ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷக் கையெழுத்துத்தான். அது முடிந்தால் பையன் வீட்டில் வந்து உட்கார்ந்து, மறுபடி எடுப்பார்களா மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பான். சம்பள நாள் மாதிரி வருகிற காத்திருப்பு இல்லை அது, பரீட்சை முடிவு மாதிரி.

போன சீசன் நன்றாக ஆடினான். இந்த வருஷம் ஆடி மாதம் பிரபாகர் போன் பண்ணினார். தீபிகா ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எழுதுவது பற்றிப் பேசலாம் என்றார். நடுவில் முட்டி போனாலும் வைத்தியம் அவர்களே பார்ப்பார்களாம், சம்பளம் நிற்காதாம். குழந்தைவேலுக்கு அன்றே சொன்னோம். ரிக் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவன் கத்தினான்.

"அம்மா, மூணு வருசம் கெடச்சா நா ரிக்க உட்டு எறங்கிர்றேன். ஊட்டுப் பக்கமே எதாச்சும் பாத்துக்கறேன். முதுகு முடியலீங்கம்மா."

ஆக, எங்கள் வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்த மூன்று வருஷம்தான்.

பிரபாகர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். லீக்கில் எண்பத்தைந்துக்கு மேல் யாரையும் மெத்தையில் இறக்க மாட்டார்களாம். "ஒரு வருஷம்னா யாரும் ரொம்ப யோசிக்க மாட்டாங்க. மூணு வருஷம்னா ஒடம்பப் பாப்பாங்க. இருபத்தி நாலுலயே எண்பத்தஞ்சத் தாண்டுனா, இருபத்தேழுல எங்க போய் நிக்கும்னு கேப்பாங்க. பெரிய ஒடம்புன்னா முட்டியும் சீக்கிரம் தேயும்னு டாக்டர் சொல்வாரு. இன்னும் ரெண்டு மாசத்துல சேலத்துல எடை பாத்துக் கையெழுத்து. எண்பத்தஞ்சுக்குள்ள வந்துரு தம்பி."

நான் போனைப் பிடுங்கினேன்.

"ஏனுங்க, செவுரு மாதிரி வேணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா பாட்டிம்மா."

"இப்ப செவுரு வேண்டாமுங்களா?"

"செவுரு வேணும். இதே அளவுலயே நிக்கணும்."

போனை வைத்த பிறகும் எனக்கு ஓடவில்லை. பண்ணைக்காரர் தங்கசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தார்.

"மாரக்கா, இது உனக்குத் தெரியாததா? வாராவாரம் கோழிய எடை போடறோம். அட்டையில போட்டிருக்கற எடைக்குக் கொறஞ்சாலும் ஆகாது, கூடுனாலும் ஆகாது. கூடுன கோழிக்குத் தீவனத்த நீதான் கொறைக்கற."

"அது முட்டைக்குங்க. என்ற பேரன் முட்டையா உடறான்?"

"முட்டை மாதிரிதான். வருசத்துக்கு இத்தனை புடி புடிக்கணும்னு கணக்குப் போடறாங்க."

அவர் சொன்னது பிடிக்கவில்லை.

டீமிலிருந்து சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. தீபிகா படித்தாள். ஓட்ஸ் கஞ்சி, கீரை, கோழி நெஞ்சுக் கறி, முட்டையில் வெள்ளை மட்டும், எட்டு. மஞ்சளை என்ன செய்வதாம் என்று கேட்டேன். அது போடவில்லை என்றாள். கோழி வளர்க்கிற ஊரில் மஞ்சள் கருவைக் கீழே கொட்டினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? நானே தின்றேன். தினமும் எட்டு மஞ்சள் கரு. ஒரு மாதத்தில் ரவிக்கை பத்தவில்லை. தீபிகா, "அண்ணன் எறங்கற கிலோ அத்தனையும் அப்பாயிகிட்டத்தான் வருது" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.

எடை பார்ப்பது என் வேலை. பண்ணையில் தீவனத்துக்கென்று எடை மிஷின் இருக்கிறது. அரசாங்க முத்திரை போட்டது. காலை ஐந்து மணிக்கு அதன் மேல் தீவனம் அள்ளும் வெறும் பேசினை வைத்து ஒரு பட்டனை அமுக்குவேன், எண் சுன்னமாகி வெறும் பூஜ்யம் காட்டும். அப்புறம் பேசினில் எவ்வளவு கொட்டினாலும், பேசின் எடை போக, தீவனத்தை மட்டும் காட்டும். பேசின்கள் ஷெட்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, ஆறு மணிக்கு ஓட்டத்தை முடித்துக்கொண்டு இளவழகன் வருவான். செருப்பை விட்டு ஏறி நிற்பான். எண் காட்டுகிற பெட்டியை எலிக்குப் பயந்து சுவரில் உயர மாட்டியிருந்தோம். நிற்கிறவனுக்கு அது முதுகுப் பக்கம். நான்தான் படித்துச் சொல்வேன்.

"எம்பத்தஞ்சு ஐநூறு சாமி." இப்படித்தான் ஆரம்பித்தது. மெதுவாக இறங்கியது. நடுவில் ஒரு நாள் ராசிபுரத்தில் மருந்துக்கடை வாசலில் காசு போட்டு ஏறியிருக்கிறான். அது எண்பத்தாறு காட்டிற்றாம். முகம் செத்துப்போய் வந்தான்.

"அப்பாயி, நம்ம மிசினு சரியா இருக்குதா?"

"முத்திரை போட்ட மிசினப் போயி சந்தேகப்படறயா? மருந்துக்கடை மிசினு காசுக்குப் பேசறது. போனா ஒண்ணு, வந்தா ஒண்ணு காட்டும். அதுல ஏறாத."

அவன் தலையாட்டினான். அதற்கப்புறம் ஏறவில்லை. நான் சொன்னால் கேட்பவன்.

சேலம் போக வேண்டிய நாள் காலை எண்பத்து நான்கு இருநூறு. எண்ணூறு கிராம் மிச்சம் இருக்கிறது. பேருந்தில் என்னோடு வந்தவன் முகம் இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தெளிந்திருந்தது. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், மிச்சம் இருக்கும்போது ஏன் பட்டினி என்று நான்தான் கடைக்குள் கூட்டிப்போனேன். வேண்டாம் என்றான். வேண்டும் என்றேன். நான்கு இட்லி, ஒரு வடை. ஒரு சொம்புத் தண்ணீர்.

எடை பார்த்த இடம் ஒரு பெரிய உள்ளரங்கம். வாசலில் அவனோடு ஆடுகிற குணசீலன் உட்கார்ந்திருந்தான். திருச்செங்கோட்டுப் பையன், பாடிப் போகிறவன், மீன் மாதிரி வழுக்குவான். சின்ன உடம்பு. பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர்.

"என்ன சாமி, இத்தனையும் நீயா திங்கற?"

"ஆமாங்க அப்பாயி. அறுபத்தஞ்சுல இருக்கேன். அறுபத்தெட்டு இருந்தாத்தான் மூணு வருசம்கறாங்க. சின்ன ஒடம்பு, அடி தாங்காதாம்."

"இவனுக்குப் பெருசா இருந்தா முட்டி போயிரும்கறாங்க."

"எனக்குச் சின்னதா இருந்தா வெலா போயிரும்கறாங்க."

பழத்தை உரித்துக்கொண்டே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த உடம்புக்குத்தான் மூன்று வருஷம் எழுதுவார்கள் என்று யாராவது ஓர் உடம்பைக் காட்டினால் தேவலை என்று நினைத்தேன்.

பத்தரை மணிக்கு இளவழகனைக் கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். "பாட்டிம்மா, வெளிய உக்காருங்க" என்றார் பிரபாகர். "உக்காந்தா முட்டி புடிக்குதுங்க, நின்னுக்கறேன்" என்று உள்ளேயே நின்றேன். அவன் ஏறினான். எண் எனக்கு நேராகத் தெரிந்தது.

எண்பத்தாறு முந்நூறு.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. மொட்டை அடித்துக்கொண்டு வந்த அன்றைக்குப் பார்த்த மாதிரிப் பார்த்தான்.

"மிசினு தப்புங்க" என்றேன்.

"இல்லீங்க பாட்டிம்மா. காலைல இருந்து இதுலதான் பாக்கறோம்." பிரபாகர் வாட்சைப் பார்த்தார். "நாலு மணிக்கு டாக்டர் கெளம்பிருவாரு. அதுக்குள்ள வந்தாச் சரி. என்னால முடிஞ்சது அவ்ளோதான் தம்பி."

வெளியே வந்தோம். குணசீலன் தன் பையிலிருந்து ஒரு மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு இளவழகன் வெயிலில் ஓட ஆரம்பித்தான். அரங்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது கோட்டுக்குள்ளிருந்து சளக் சளக் என்று சத்தம் கேட்டது. வாசல்படியில் குணசீலன் பழம் தின்றுகொண்டு தண்ணீர் குடித்தான். ஒருத்தன் தண்ணீரை வெளியே விட ஓடுகிறான், ஒருத்தன் தண்ணீரை உள்ளே விட உட்கார்ந்திருக்கிறான். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே நான்கு மணி.

ஒரு மணிக்கு மேல் உள்ளே சாப்பாட்டு நேரம், மிஷினைப் பூட்டிவிட்டார்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறான் என்று தெரியாமல் ஓடுவது எப்படி? செவ்வாய்ப்பேட்டை பக்கம்தான் என்று குணசீலன் சொன்னான். மளிகை மண்டிக்காரர்கள் எல்லாரிடமும் எடை மிஷின் இருக்கும். ஆட்டோ பிடித்தோம். இளவழகன் ஏறவில்லை, ஆட்டோவுக்குப் பின்னால் ஓடிவந்தான். சந்துக்குள் மூட்டை வண்டிகளுக்கு நடுவில் மழைக்கோட்டோடு ஓடிவருகிற ஆறடி ஆளைப் பார்த்து, கடைக்காரர்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

பருப்பு மண்டி ஒன்றில் கந்தவேல் என்று ஒருத்தர் எடை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மூட்டையை இறக்கிவிட்டு, பட்டனை அமுக்கி, சுன்னம் வந்ததைப் பார்த்துவிட்டு, "ஏறுப்பா" என்றார். கோட்டைக் கழற்றினான். தரையெல்லாம் நனைந்தது. எண்பத்தைந்து அறுநூறு.

"காத்தால எங்க பண்ணையில எம்பத்தி நாலு இருநூறுங்க. நாலு இட்லியா ரெண்டு கிலோ ஆகும்?" என்று அவரிடம் நான் சண்டைக்குப் போனேன்.

"உங்க மிஷின்ல ஏறும்போது சுன்னம் இருந்துச்சா?"

"அது எப்புடி இருக்கும்? பேசினக் கழிச்சு வெச்சிருக்கறமே. சும்மா கெடக்கறப்போ ஒரு சின்னக் கோடு, பொறவு ஒண்ணு, அஞ்சுன்னு காட்டும்."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, பேசின வெச்சாத்தான் பேசினக் கழிக்கணும். பேசினே இல்லாதப்ப கழிச்சா அது உங்க பையன்கிட்ட இருந்துதான் கழியும். ஒன்றரைக் கிலோ."

"பேசினக் கழிச்சுட்டுச் சுத்தமான தீவனத்தக் காட்டற மிசினு, பையனையும் சுத்தமாத்தானுங்க காட்டும்?"

"பையன் பேசின்ல நின்னாக் காட்டும்."

கடையே சிரித்தது. நான் இன்னும் இரண்டு தடவை கேட்டேன், அவர் இன்னும் இரண்டு தடவை சொன்னார். புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. ஒன்று மட்டும் புரிந்தது. இரண்டு மாதமாக நான் அவனுக்குப் பொய் எடை சொல்லியிருக்கிறேன். மருந்துக்கடை மிஷின்தான் உண்மை சொல்லியிருக்கிறது. அதில் ஏறாதே என்றவளும் நான்தான்.

"சாமி, நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

அவன் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். "இன்னும் அறநூறு கிராம்தான அப்பாயி. ஓடிருவேன்."

ஓடினான். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அரங்கம் வரை ஓடினான், அங்கே போய் மறுபடி சுற்றினான். கடைசி அரை மணி ஓட முடியாமல் நடந்தான். உதடு வெடித்திருந்தது. ஒரு மூடித் தண்ணீராவது கொடுக்க எனக்குக் கை பரபரத்தது. கொடுத்தால் கெடும். கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏறினான். எண்பத்து நான்கு தொள்ளாயிரம். குணசீலன் கைதட்டினான். அவன் அறுபத்தேழரைக்கு மேல் ஏறவில்லை, பாதிப் பழத்தை வாந்தி எடுத்துவிட்டான். ஆனாலும் தட்டினான்.

டாக்டர் இளவழகனின் முட்டியை மடக்கிப் பார்த்தார், மணிக்கட்டைச் சுற்றி டேப் வைத்தார், தோளை அளந்தார். தையல்காரர் கூட அவ்வளவு அளக்க மாட்டார். உள்ளே போய்ப் பேசினார்கள். பிரபாகர் தாளோடு வந்தார். மேஜைக்கு எதிரே அவனை உட்கார வைத்தார். நான் பின்னால் நின்றேன்.

"எடை பாஸ். ஆனா மூணு வருஷம் எழுத மாட்டேங்கறாங்க தம்பி. எலும்பு கனம், இன்னும் மூணு வருஷத்துல தொண்ணூறு போயிரும்கறாரு டாக்டர். ஒரு வருஷம்னா இப்பவே கையெழுத்துப் போட்ரலாம்."

"அப்ப எதுக்குங்க ஓடுனான்?" என்றேன்.

"ஒரு வருஷத்துக்கும் எண்பத்தஞ்சு வேணுமே பாட்டிம்மா."

அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இளவழகன் பேசினான். வாயைத் திறந்து எதையும் கேட்காத பையன் என்று சொன்னேனே, அவன்தான். தொண்டை காய்ந்து குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"சார், ஒரு வருசம்னா எண்பத்தஞ்சுல நிப்பேன். மூணு வருசம்னா எண்பதுல நிக்கறேன். மூணு வருசமும். ஏறுனா சம்பளத்துல புடிச்சுக்கங்க."

பிரபாகர் பேனாவை மூடினார். "இது என்னப்பா, மஞ்ச மண்டியில பேரம் பேசற மாதிரி பேசற?"

"நீங்க எடைக்குத்தான சார் வருசம் குடுக்கறீங்க."

அவர் எழுந்து வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ரொம்ப நேரம். இளவழகன் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். எடை முடிந்துவிட்டது, இனிமேல் குடிக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. மூடியைத் திறந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான்.

பிரபாகர் திரும்பி வந்தார்.

"ரெண்டு வருஷம். எண்பத்தி ரெண்டு. மாசாமாசம் பாப்பாங்க. இதுக்கு மேல என்னால பேச முடியாது."

"முட்டி போனா?"

"ரெண்டு வருஷத்துக்கு நாங்க பாத்துக்கறோம்."

இளவழகன் என்னைப் பார்த்தான். என்ன சொல்வது? மூன்று கேட்டால் ஒன்று என்றார்கள், பேரம் பேசினால் இரண்டு கிடைக்கிறது. எண்பத்தைந்துக்கு ஓடினான், எண்பத்திரண்டில் மாட்டிக்கொண்டான். இது லாபமா நட்டமா என்று மண்டியில் என்றால் சொல்லிவிடுவேன். நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான். பக்கத்துக்குப் பக்கம் போட்டான்.

வெளியே வந்து குழந்தைவேலுக்குப் போன் பண்ணினோம். "ரெண்டா?" என்றான். "செரி, இந்த சீசன் முடியட்டும். வந்து பேசிக்கலாம்" என்றான். இறங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, இறங்கவில்லை என்றும் சொல்லவில்லை. குணசீலனுக்கு ஒரு வருஷம்தான் கொடுத்தார்கள். "அந்த மூணு கிலோவ எறக்கறப்ப என்ற பக்கமா எறக்குடா" என்று இளவழகன் முதுகில் தட்டிவிட்டுத் திருச்செங்கோட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

நாமகிரிப்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் தோள் என் மேல் பாதி இருந்தது. கையைப் பார்த்தேன், தொடையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். எல்லாம் நான் போட்டது. ஒரு கிலோ எண்ணூறிலிருந்து ஒவ்வொரு கிலோவாக வந்தது. வேண்டாத சதை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"எந்த மூணு கிலோவச் சாமி எறக்குவ?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியல அப்பாயி. நாளைக்குக் காத்தால பேசினக் கழிக்காம பாரு."